சேரப்பணஞ்சேரிக் குழி

பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு நீற்றுகிறார்கள். அந்தக் காரமான ஆவி ஜன்னல் வழியே வந்ததும் காபியைக் கீழே வைத்துவிட்டேன். சேரப்பணஞ்சேரி ஏரிக்கரையில், முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, "இன்னும் கொட்டுங்க, இன்னும்" என்று நீ கத்தியது அப்படியே காதில் விழுந்தது. நீ கண்ணை மூடிய பிறகு உன்னோடு இப்படித்தான் பேச வாய்க்கிறது.

1991. கோடை மழை பெய்து ஓய்ந்திருந்தது. அந்த வட்டாரத்துக்கு அரசு கால்நடை மருத்துவர்கள் என்று நீயும் நானும்தான். முனுசாமியின் ஆடுகள் மேய்ந்தபடியே விழுந்து சாவதாகத் தகவல் வந்து போனோம். செத்த ஆடுகளின் மூக்கிலிருந்து கறுத்த ரத்தம் உறையாமல் வழிந்துகொண்டிருந்தது. நீ காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தாய். "அடைப்பான்" என்றாய், எனக்கு மட்டும் கேட்கும்படி. ஆந்த்ராக்ஸ். ஆட்டைக் கொன்று, அதை அறுத்தவனையும் தின்றவனையும் கொல்லக்கூடிய நோய்.

அப்போதுதான் முனுசாமியின் முன்கையைக் கவனித்தாய். கரி வைத்தாற்போல ஒரு புண்.

"வலிக்குதா?"

"வலியே இல்ல சார். எதுனா பூச்சி கட்ச்சிருக்கும்."

"செத்த ஆட்ட அறுத்தியா?"

"போன வாரம் ஒண்ணு, இன்னிக்கி ஒண்ணு. கறிய இன்னா மண்ணுலயா போடறது?"

உன் முகம் வெளுத்துவிட்டது. நேராக அவன் வீட்டுக்குள் போய், அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சட்டியைத் தூக்கிவந்து, செத்த ஆடுகளைப் புதைத்துச் சுண்ணாம்பு கொட்ட ஏரிக்கரையில் தோண்டிய குழியில் போட்டாய். அவன் மனைவி மண்ணை வாரித் தூற்றினாள். "புள்ளைங்க பசியா கீதுங்க. வயித்துல அடிக்கிறியே, நீ நல்லா இருப்பியா?" நீ முனுசாமி பக்கம் திரும்பினாய். "கறி வேற யார் வூட்டுக்குப் போச்சு?" என்று மட்டும் கேட்டாய்.

"எம் மச்சான் காலைல எத்துகினு போனான். வாலாஜாபாத்துக்கு."

முனுசாமியையும் வீட்டாரையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பறந்தோம். போய்ச் சேர்ந்தபோது மச்சான் வீட்டு வாசலில் சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நீங்களும் சாப்ட்டிருக்கலாம் சார்" என்று சிரித்தார் அந்த மனிதர்.

எல்லோரையும் காஞ்சிபுரம் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தோம். முனுசாமி தழும்போடு பிழைத்தான். மச்சான் மட்டும், "எனுக்கு இன்னா, நல்லாத்தானே கீறேன்" என்று சொல்லிவிட்டு, டாக்டருக்குத் தெரியாமல் வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வாரமே செத்துப்போனார். சுடுகாட்டில் நீ கூட்டத்துக்குப் பின்னால் தனியாக நின்றாய். பக்கத்தில் வர எனக்கே தயக்கமாக இருந்தது.

குழியைச் சுற்றி முள்வேலி போட்ட அன்று சொன்னாய்: "இந்தக் கிருமி மண்ணுல சாகாதுடா. நாம செத்தப்புறமும் அப்படியே கெடக்கும்." மாற்றலாகிப் போன ஊர்களிலிருந்தெல்லாம் என்னிடம் ஒன்றையே விசாரித்தாய். அங்கே யாரும் தோண்டவில்லையே?

போன மாதம் பார்த்தேன். வேலியைக் காணோம். கம்பெனி ஷெட் வருகிறதாம், அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். சூப்பர்வைசரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப இங்க ஆடே இல்லியே சார்" என்றார். மேலே மனுவும் கொடுத்தேன். பதில் வரவில்லை.

உன்னிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பது அந்தப் பயம்தான். நேற்று மண் தோண்டும் இயந்திரம் வந்து இறங்கியிருக்கிறதாம். நாளைக் காலை போய் அதன் முன்னால் நிற்கப் போகிறேன்.