மெரீனாவின் நட்சத்திரம்

வெள்ளி, மார்ச் 6

இன்று அம்மா மெரீனாவையும் கோயிலுக்குக் கூப்பிட்டார். அவள் வேதக்காரப் பிள்ளை, ஞாயிறுகளில் சேர்ச்சுக்குப் போகிறவள். வீட்டில் அவளை என் சிநேகிதி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். நாங்கள் காதலிப்பது அம்மாவுக்குத் தெரியாது என்று இன்று மாலைவரை நம்பியிருந்தேன்.

அர்ச்சனைக்கு ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார்.

"சுபா, கேட்டை" என்று என்னுடையதைச் சொன்ன அம்மா, நிறுத்தாமல் "மெரீனா, ரோகிணி" என்றார்.

மெரீனாவுக்கே தன் நட்சத்திரம் தெரியாது. போன மாதம் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது, "எப்ப, எத்தினை மணிக்குப் பிறந்தனீர், பிள்ளை?" என்று அம்மா அவளிடம் கேட்டது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

திரும்பும்போது காரில் அம்மா அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"பிள்ளை, உமக்கு மூத்த சகோதரம் இருக்கோ?"

"ஓம் அன்ரி, ஒரு அண்ணா."

என்னைப்போல் கேட்டையில் பிறந்த பெண் மூத்த மச்சானுக்கு, அதாவது கட்டுகிறவரின் அண்ணாவுக்கு, ஆகாது என்பார்கள். கலியாணம் பேசும்போதுதான் அதையெல்லாம் பார்ப்பார்கள். அதன்பிறகு அஜின்கோர்ட்டில் எங்கள் வீடு வரும்வரை அம்மா வாயே திறக்கவில்லை.

"அன்ரிக்கு என்னில கோவமோ?" என்று மெரீனா டெக்ஸ்ட் அனுப்பியிருக்கிறாள். இன்னும் பதில் போடவில்லை.

அவள் பெண் என்பதற்கும் வேதக்காரி என்பதற்கும் அம்மாவிடம் சொல்லப் பதில் பாடமாக்கி வைத்திருந்தேன். அவளுக்கு அண்ணா இருப்பதற்கு என்ன சொல்ல?