தலையணை மடல் போய்ச் சேரும் இடம்

மார்ச் 3
தலையணைக் கம்பெனியின் வாராந்திர மின்மடல் எழுதுவது என் வேலை. இந்த வாரம் கழுத்துவலி. நாலாயிரத்துச் சொச்சம் பேருக்குப் போனது. திறந்தவர்கள் பதினொரு பேர். அதில் இரண்டு பேர் நானும் என் அக்காவும். மீதியெல்லாம் ஸ்பேம் பெட்டியில், குப்பையோடு குப்பையாக. முதலாளி கூப்பிட்டார்.

"மாசக் கடைசிக்குள்ள ஐந்நூறு பேராவது திறக்கணும்மா. இல்லன்னா மடலும் வேண்டாம், எழுதுற ஆளும் வேண்டாம்."



மார்ச் 5
'எங்கள் மடல் ஸ்பேமில் கிடந்தால் தயவுசெய்து எடுத்து வெளியே வையுங்கள்' என்று எல்லோருக்கும் மெயில் அனுப்பினேன். அதுவும் ஸ்பேமுக்குப் போய்விட்டது.

மார்ச் 7
'இலவசம்', 'உடனே', 'கடைசி வாய்ப்பு' போன்ற சொற்களை எடுத்துவிடச் சொன்னார் கம்ப்யூட்டர் பார்க்கும் அண்ணன். எடுத்தேன். 'வணக்கம்', 'தலையணை', 'நன்றி' மட்டும் மிஞ்சின.

மார்ச் 12
குட்டு உடைந்தது. மடல் வந்ததும் ஸ்பேம் பட்டனை யாராவது அழுத்திக்கொண்டே இருந்தால் நம் முகவரியின் பேரே கெட்டு, எல்லோருக்கும் ஸ்பேமிலேயே போய் விழுமாம். வாராவாரம் அழுத்துவது அறுபத்திரண்டு பேர். அண்ணன் பட்டியலைக் காட்டினார். அத்தனையும் நம்ம ஆட்கள். பஞ்சு அடைப்பவர்கள், உறை தைப்பவர்கள், பாக்கிங் அக்கா — ஏன்?

'சனிக்கிழமைக்குள் எல்லோர் இன்பாக்ஸும் காலியாக இருக்க வேண்டும்' என்று போன வருடம் முதலாளி சுற்றறிக்கை விட்டாரே, அதனால்தான்.

"அழிச்சிட்டா போயிடும்ல? அதான் அந்தப் பொட்டியில தள்ளி வெச்சிருக்கேன், பத்திரமா இருக்கும்" என்றார் பாக்கிங் அக்கா. சொல்லிக் கொடுத்தது யார் என்று கேட்டேன். "முதலாளிதான்."

அந்தப் பெட்டியில் இருப்பது முப்பது நாளில் தானாக அழிந்துவிடும் என்று சொல்ல மனம் வரவில்லை.

மார்ச் 13
முதலாளியிடம் உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. "சார், எல்லார் ஸ்பேம் பெட்டியும் நிரம்பி வழியுதாம்" என்றேன்.

"அப்பவே நினைச்சேன்."

மதியமே புதுச் சுற்றறிக்கை: பெட்டியில் உள்ளதையெல்லாம் எல்லோரும் இன்பாக்ஸுக்குத் திருப்பி எடுத்து வைக்கவும். இனி எதையும் தள்ளக் கூடாது.

மார்ச் 24
இருநூற்று நாற்பது பேர். என் அக்காவுக்குப் போன் போட்டு அழுதேன். ஏன் அழுதேன், ஏறத்தானே செய்கிறது?

மார்ச் 31
நானூற்று எண்பத்தேழு. பதின்மூன்று பேர் குறைச்சல். முதலாளி ஒன்றும் சொல்லவில்லை. மனுஷருக்கு எதையும் முகத்துக்கு நேரே சொல்ல வராது.

ஏப்ரல் 1
வழக்கம்போல வேலைக்குப் போனேன். முதலாளி என்னைப் பார்த்து டீயை மேலே சிந்திக்கொண்டார்.

ஏப்ரல் 7
ஆயிரத்து முந்நூற்று நாற்பது! முதலாளி என் மேசைக்கே வந்தார்.

"நான் அனுப்பினதைப் பாத்தியாம்மா?"

"எது சார்?"

திரையில் இருந்த எண்ணை வெகுநேரம் பார்த்தார். "ஒண்ணுமில்ல. வேலையப் பாரு."

ஏப்ரல் 9
ஊருக்கெல்லாம் சொன்ன நான் என் ஸ்பேம் பெட்டியை இன்றுதான் திறந்தேன். முதலாளி கடிதம். மார்ச் 31, மாலை 5.40. 'நாளை முதல் தாங்கள் பணிக்கு வரத் தேவையில்லை.' கம்பெனி முகவரியிலிருந்து வந்ததால் அதுவும் அங்கேயே விழுந்திருக்கிறது.

சுற்றறிக்கைப்படி அதை எடுத்து இன்பாக்ஸில் வைக்க வேண்டும். வைக்கவில்லை. இன்னும் இருபத்தொரு நாள். அதுவரை அங்கேயே பத்திரமாக இருக்கட்டும்.