ஜன்னல் பக்கத்து மேசை

மார்ச் 3, திங்கள்

மகளின் சலவைக்கூடத்தில் சேருகிறவர்கள் நிற்பதில்லை. பத்துப் பேர் செய்கிற வேலைக்குப் போன வருடம் இருபத்தாறு பேர் வந்து போயிருக்கிறார்கள்.

"இப்படியே போனா ஆஸ்பத்திரிக்காரங்க துணிய வேற எடத்துக்குக் குடுத்துடுவாங்கப்பா. அப்புறம் மூடிட்டு வீட்ல உக்கார வேண்டியதுதான். நீங்க ஆபீஸ்ல ஆளுங்க பதிவேடு பாத்தவராச்சே, கொஞ்சம் யோசிங்க" என்றாள்.

ஓய்வு பெற்ற பிறகு என்னிடம் யாரும் யோசனை கேட்டதில்லை. போனவர்களில் ஒன்பது பேரைத் தொலைபேசியில் பிடித்து விசாரித்தேன். எனக்குத் தெரிந்தவரை:

1. பாதிக்கு மேற்பட்டோர் முதல் மாதத்திலேயே போகிறார்கள்.
2. காரணம் சூடு. ஈர விரிப்புகளைத் தேய்த்து உலர்த்தும் ரோலரில்தான் புதியவர்களை நிறுத்துகிறோம்.
3. ஜன்னல் பக்கத்து மடிப்பு மேசையில் காற்று வரும். முதல் மூன்று மாதம் அங்கே வைத்தால் நிற்பார்கள்.
4. அந்த மேசையில் மடிப்பதாலேயே எல்லோரும் மடிப்பக்கா என்று கூப்பிடுகிறவரை ரோலருக்கு மாற்றலாம். பதினோரு வருடமாக இருப்பவர். எங்கே நிறுத்தினாலும் நிற்பார்.

மார்ச் 5, புதன்

மடிப்பக்காவிடம் சொன்னேன். என்னைவிட இருபது வயது இளையவர். எல்லோரும் அக்கா என்பதால் நானும் அக்கா என்கிறேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போயும் நாக்கு குழறியது.

"என்னங்கய்யா, வெயில் காலத்துல பாத்து என்னை அடுப்புக்குள்ள தள்றீங்க?" என்று சிரித்தார். காரணத்தை விளக்கினேன். "சரி, புதுசுங்க நிக்கட்டும். நான் எங்க போகப்போறேன்?"

சம்மதம் என்று குறித்துக்கொண்டேன்.

மார்ச் 21, வெள்ளி

யாரும் போகவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஐந்து வாரம் ஆகப்போகிறது, ஒருவர்கூடப் போகவில்லை! "அப்பா, நீங்க கில்லாடிப்பா" என்றாள் மகள். எனக்குக் காது சூடாகிவிட்டது. இந்த வயதில் இப்படியொரு சந்தோஷம்.

மாலையில் என் அறையின் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தேன். மடிப்பக்காவின் முன்கைகள் இரண்டும் சிவந்திருந்தன. ரோலர் நிற்கும் இடைவேளையில் மேசைக்கு ஓடி, புதியவர்கள் கோணலாக மடித்ததைப் பிரித்து மடித்துக் காட்டிவிட்டுத் திரும்ப ஓடினார். முன்பெல்லாம் அந்த மேசையில் அவர் பேச்சு ஓயாது. "மூலைய இழுத்துப் புடிடி, உன் மாமியார் தலைமுடின்னு நெனச்சுக்கோ" என்பார். எதிர்முனையில் இருப்பவள் சிரித்தே விரிப்பைத் தவறவிடுவாள். ரோலர் இரைச்சலில் யாரோடு பேசுவது?

கை எப்படி இருக்கிறது என்று நாளை கேட்க வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

கேட்கவில்லை. வேலையாக இருந்தார்.

ஏப்ரல் 19, சனி

மடிப்பக்கா வேலையை விட்டு நின்றுகொள்வதாகச் சொல்லிவிட்டார்.

போகிறவர்களை எதிரில் உட்காரவைத்து ஐந்து கேள்வி கேட்பது நான் இங்கே கொண்டுவந்த புது ஏற்பாடு. முதல் ஆளாக அவரை உட்காரச் சொன்னேன். முதல் கேள்வி: ஏன் போகிறீர்கள்?

"பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான் என்னை ஒருத்தர் உக்காரச் சொல்லியிருக்கீங்க. போறவங்ககிட்ட மட்டுந்தான் கேப்பீங்களாங்கய்யா?"

பேனாவை வைத்துவிட்டேன்.

"சூட்டக்கூடப் பொறுத்துக்கலாம். எதிர்ல நின்னு ஒரு பேச்சுக் குடுக்க ஆளில்ல. முடியுதா அக்கான்னு யாராச்சும் வந்து ஒரு வார்த்தை கேப்பாங்கன்னு பாத்தேன். நீங்க தெனம் கண்ணாடிகிட்ட நிப்பீங்க. நின்னுட்டுப் போயிடுவீங்க."

அவர் என்னைப் பார்த்திருக்கிறார் —

மறுபடி ஜன்னல் பக்கமே வந்துவிடுங்கள் என்றேன். "இனிமே வேணாங்கய்யா. வேற எடத்துல வரேன்னு சொல்லிட்டேன்." எழுந்தவர், நாற்காலியைச் சத்தமில்லாமல் உள்ளே தள்ளிவிட்டுப் போனார். மற்ற நான்கு கேள்விகளைக் கேட்கவில்லை.

மகள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 28, திங்கள்

மேசையில் இருந்த புதியவர்கள் இருவரும் போய்விட்டார்கள். "அக்கா இருந்தாங்கன்னுதான் இருந்தோம்" என்றாள் ஒருத்தி. காற்றைப் பற்றி இருவருமே பேசவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மூன்று கட்டு விரிப்புகள் திரும்பி வந்துவிட்டன, மடிப்பு சரியில்லையென்று.

மே 2, வெள்ளி

ஆஸ்பத்திரித் துணி இந்த மாதத்தோடு சரி. கடிதம் வந்துவிட்டது.

மாலை எல்லோரும் போன பிறகு, மகள் ஜன்னல் பக்கத்து மேசையில் ஒரு பெரிய விரிப்போடு தனியாக மல்லாடிக்கொண்டிருந்தாள். போய் எதிர்முனையைப் பிடித்தேன். என் பக்கம் நழுவிக்கொண்டே இருந்தது. "விடுங்கப்பா, நான் பாத்துக்குறேன்" என்றாள். விடவில்லை. இருட்டும்வரை பதினேழு விரிப்புகள் மடித்தோம். காற்று நன்றாகத்தான் வந்தது.

முதல் நாள் பட்டியலில் நான்காவதாக எழுதியது தவறு. மடிப்பக்கா வாய் திறக்காததைக் குறையில்லை என்று எடுத்துக்கொண்டேன். முப்பத்துநான்கு வருடம் அலுவலகத்தில் வாய் திறக்காமல் இருந்தவன் நான். எனக்காவது தெரிந்திருக்க வேண்டாமா?