பூட்டிய கதவின் மறுபுறம்

அக்டோபர் 12

மழை. ஆறு பயணிகள். தளம் கீறாதிருக்கக் காலணிகளின் மேல் கம்பளிச் செருப்பு மாட்டிக்கொண்டு, கோட்டைத் தளத்தில் வழுக்கியபடி என் பின்னே வந்தனர்.

அடுத்த ஆண்டு முதல், பதிவுசெய்த குரல் ஒலிக்கும் காதுக்கருவியே பயணிகளுக்கு வரலாறு கூறுமாம். வழிகாட்டிகள் மூவரில் ஒருவரே நீடிப்பார். “புகார் இல்லாதவங்களுக்குத்தான் முதலிடம், குட்ர்னோவாம்மா,” என்றார் கோட்டைப் பொறுப்பாளர் ஷெபெஸ்தா. இந்த வேலைக்காகவே, ஊறுகாய் ஆலையில் புட்டிகளை மூடியவாறே லத்தீன் பயின்றவள் நான். பத்தொன்பது ஆண்டுகளில் ஒரு புகாரும் இல்லை.

அக்டோபர் 16

ஒருவரும் வரவில்லை. பூண்டு சூப், ரொட்டி. இன்று என் குரலை நானே கேட்கவில்லை.

அக்டோபர் 19

ஒரே பயணி. ஹனாக், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். விதிப்படி, ஓர் அறையை விட்டு வெளியேறியதும் தலைகளை எண்ணிப் பூட்டிய பிறகே அடுத்த அறை. ஒரே தலையை எதற்கு எண்ணுவது?

முற்றுகை வரலாற்றை முழங்கிக்கொண்டே நடந்தேன். கோபுர அறையில் திரும்பினேன் — யாருமில்லை. மூன்று அறைகள்! கடவுளே, மூணு அறையும் யாருகிட்ட பேசினேன்?

ஓடினேன். நான் பூட்டிவிட்டு வந்த சிற்றாலயத்தில், அறுந்த செருப்பு வாரை முடிந்தபடி அமர்ந்திருந்தார்.

“கதவைத் தட்டக் கூடாதா ஐயா?”

“தட்டத்தான் எந்திரிச்சேன். அந்தப் பக்கம் நீங்க பீரங்கிய இழுத்துட்டு வந்துட்டிருந்தீங்க. நிறுத்த மனசு வரல. கோட்டை பிடிபட்டுச்சா இல்லையா, அதச் சொல்லுங்க.”

“பிடிபட்டது.”

“அடப்பாவமே.”

வருகைப் பதிவேட்டில் ஏதோ எழுதினார். பூட்டியதை எழுதவேண்டாம் என நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ?

அக்டோபர் 20

ஹனாக் எழுதியதை ஷெபெஸ்தா உரக்கப் படித்தார்: “கதவு வழியாகக் கேட்டாலும் தெளிவான குரல்.” சிரித்தார். “கதவு வழியா ஏம்மா கேட்டாரு?”

பின்தங்கி நடந்தார் என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். உண்மையைச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

அக்டோபர் 31

சுற்றுலாப் பருவம் நிறைவுற்றது. பணி, எங்கள் மூவரில் இளையவள் ஸ்டெங்காவுக்கு. பதினான்கு சாவிகளை ஒப்படைத்தேன். இடுப்பின் வலப்பக்கம் எடையின்றி நடக்கத் தெரியவில்லை.

நவம்பர் 14

ஷெபெஸ்தா அழைத்திருந்தார். காதுக்கருவிக்கு என் குரல் வேண்டுமாம். அந்தப் பதிவேட்டு வரியை மறக்கவில்லையாம். ஒலிப்பதிவுக்கு, சுவர்களில் பஞ்சு ஒட்டிய சிற்றறை. நானும் ஓர் ஒலிவாங்கியும். கண்ணாடிக்கு வெளியே இருந்த பெண் கூறினாள்: “எதிர்ல ஆள் நிக்கிறதா நெனச்சுக்கிட்டுப் பேசுங்கம்மா. மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும்.”

ஒரே மூச்சில் முடித்தேன். அவள் வியந்தாள்.