மேலேறிய கடைசிப் பலகை

மழை தவறாத தண்பரை நாடு வாழ்க. அந்நாட்டின் எல்லையில் வேல் ஊன்றி நிற்கும் படை வாழ்க. அப்படையின் குதிர்கள் நெல்லாலும் குடங்கள் நெய்யாலும் நிறைக.

பகைவர்க்குப் புறங்கொடாதவரும் பசித்து வந்தவர்க்குக் கதவடைக்காதவருமாகிய மன்னர் பெருநற்கோ, கருவந்தை மாநகரின் உட்கோட்டையில் நலமாக வீற்றிருந்து, நன்றாக உண்டு, திருவாய் மலர்ந்தருளியபடி அமைச்சன் மாங்குடி வேளான் எழுதும் ஓலை. தென்னெல்லை காத்து நிற்பவரும், போர்க்களத்தில் ஓரடியும் பின்வாங்கி அறியாதவரும், வாய்ப்பேச்சிலும் அவ்வண்ணமே இருப்பவருமாகிய அதியரையர் காண்க.

இவ்வோலை வந்து சேரும்போது தாங்கள் வழியில் இருப்பீர்கள்; தங்கள் பின்னே யானைகள் வரும். முதலில் யானைகளை நிறுத்துக. நிறுத்திய பின் மேலே வாசிக்க. மன்னர் சிறைப்படவில்லை. தலைநகரில் கிளர்ச்சி ஏதுமில்லை. தங்கள் மகள் கொற்றிநங்கையின் கணவர் வயிரமேகனார் கோட்டையை எவருக்கும் விற்கவில்லை. நடந்தது வேறு. அதைக் கொஞ்சம் பூசி மெழுகி எழுதலாமா என்று யோசித்தோம். பூச இடமில்லாததால் உள்ளபடியே எழுதுகிறோம்.

தாங்கள் எல்லையிலேயே காலம் கழித்தவர். ஆகவே உட்கோட்டையின் முறையை முதலில் சொல்லிவிடுவது நலம். நாட்டின் நெல், நீர், படைக்கலம், முத்திரை எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. அதனால் எவர் உள்ளே வரலாம், எவர் எதைத் தொடலாம் என்பதை முகம் பார்த்து முடிவு செய்யலாகாது என்று முதல் மன்னர் விதித்தார். வாயிலின் உட்புறச் சுவரில் பலகைகள் மேலிருந்து கீழாகத் தொங்கும்; பலகைக்கு ஒரு விதி. ஒருவர் வாயிலை அணுகினால் காவலன் மேலிருந்து வாசித்துக்கொண்டே வருவான். எந்தப் பலகை முதலில் பொருந்துகிறதோ அதன்படி நடப்பான். அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கவே மாட்டான். எதற்கும் பொருந்தாதவர்க்காக அடியில் ஒரு பலகை உண்டு. 'வாயிலை அணுகுபவர் எவராயினும் வந்த வழியே திரும்புக' என்பது அதன் வாசகம். உள்ளே வருபவர்க்கும் வெளியே போகிறவர்க்கும் இது ஒன்றே. பலகைகளைக் கழற்றவும் மாட்டவும் வாயில் நாயகத்தின் கைக்கு மட்டுமே உரிமை. மன்னரின் கைக்கும் கிடையாது.

அந்த வாயில் நாயகமாக இருந்தவர் வயிரமேகனார். விதி வகுப்பதில் அவருக்கு நிகரானவர் இந்நாட்டில் இல்லை. அது அவருக்கும் தெரியும் என்பதுதான் தொல்லை. சென்ற திங்களில் அடிப்பலகையைக் கரையான் தின்றுவிட்டது. அவர் பலா மரத்தில் புதிதாக ஒன்று செய்வித்தார். எழுத்துகளுக்குச் செம்பு பதித்தார். ஓரத்தில் 'வயிரமேகன் வகுத்தது' என்றும் பொறிக்கச் செய்தார். அதை அடியில் மாட்டினால் முழங்காலுக்குக் கீழே தொங்கும். யார் கண்ணிலும் படாது. இவ்வளவு அழகான எழுத்து இருளில் கிடப்பதா என்று அவர் மனம் கேட்கவில்லை. காலை வெயிலில் செம்பு எப்படி மின்னுகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே இறக்கிவிடலாம் என எண்ணி, எல்லாப் பலகைக்கும் மேலே மாட்டினார். மாட்டி, அதைப் பார்த்த கண் எடுக்காமல் பின்னோக்கியே நடந்து வாயிலுக்கு வெளியே போனார். அவர் வாயிலை அணுகவில்லை, விலகினார். ஆகவே காவலன் கோடன் தடுக்கவில்லை.

செம்பு நன்றாகவே மின்னிற்று. மனம் நிறைந்து அவர் திரும்பி வந்தபோது கோடன் வேலைக் குறுக்கே நீட்டினான்.

"நாயகமே, முதற்பலகை பொருந்திவிட்டது. திரும்புங்கள்."

வயிரமேகனார் முதலில் சிரித்தார். பிறகு தாம் இன்னார் என்று சொன்னார். பலகையில் 'எவராயினும்' என்று இருப்பதைக் கோடன் பணிவோடு சுட்டிக்காட்டினான். அந்த வேளையிலும் தாம் பயிற்றுவித்த காவலன் இவ்வளவு ஒழுங்காக நிற்கிறானே என்று ஒரு பெருமை அவருக்கு உண்டாயிற்று என்று பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். பெருமை வியர்வையாக மாற அதிக நேரம் ஆகவில்லை. பலகையை நீயே கீழே இறக்கு என்றார். தனக்கு உரிமையில்லை, நாயகம் வந்து இறக்க வேண்டும் என்றான். அப்படியானால் வர விடு என்றார்; பலகை அங்கே இருக்கும்வரை விட முடியாது என்றான். மன்னரே உப்பரிகையிலிருந்து கையசைத்து உள்ளே வரச் சொன்னார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை.

இது வாயிலோடு நின்றிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். உள்ளே சாவிகளின் முறை ஒன்று உண்டு. நெற்களஞ்சியத்துக்கு ஒரு சாவி, நீர்மண்டபத்துக்கு ஒரு சாவி. எடுத்தவர் தம் வேலை முடியும்வரை வைத்திருக்கலாம். அவர் கையிலிருந்து ஒருவரும் பறிக்கலாகாது. இரண்டும் வேண்டுபவர் நீர்ச்சாவியை முதலிலும் நெற்சாவியை அடுத்தும் எடுக்க வேண்டும். இந்த வரிசை பிசகாமல் நாள்தோறும் சாவிகள் தொங்கும் முளைக்கருகில் நின்று பார்த்துக்கொண்டவர் வயிரமேகனாரே. அவர் வெளியே நின்ற அன்று, மடைப்பள்ளித் தலைவி அவசரத்தில் நெற்சாவியை முதலில் எடுத்தார். யானைப்பந்தித் தலைவர் நீர்ச்சாவியை எடுத்தார். உலை வைக்க அவருக்கு நீர் வேண்டும். கவளம் உருட்ட இவருக்கு நெல் வேண்டும். நீர் கொடுத்தால்தான் நெல் என்று அவரும், நெல் கொடுத்தால்தான் நீர் என்று இவரும் நின்றார்கள். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் எதிரெதிரே நின்ற கதை ஆயிற்று.

சாவி கையில் இருப்பவர் உறங்கினால் சாவி அடுத்தவர்க்குப் போகும் என்பதும் விதி. ஆகவே பொழுது சாயும் வேளையில் யானைப்பந்தித் தலைவர், களிறுகளை அதட்டிப் பழகிய அந்தக் குரலை மென்மையாக்கி, மடைப்பள்ளித் தலைவியைப் பார்த்துத் தாலாட்டுப் பாடத் தொடங்கினார். அம்மையார் மசியவில்லை, இன்னும் நீளமான தாலாட்டாக எடுத்துப் பதில் பாடினார். பட்டத்து யானை உறங்கிவிட்டது. மன்னரின் பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள். இருவரும் உறங்கவில்லை. மன்னர் இரண்டு வாழைப்பழத்தோடு அன்றைய பொழுதைக் கழித்தார். தம் முன்னோர் விதித்ததைத் தாமே மீறுவது எப்படி என்று அவர் எம்மிடம் கேட்டபோது, அவர் வயிறு எங்கள் இருவரையும்விட உரக்கப் பேசிற்று.

இந்நிலையில்தான் தங்கள் தூதன் வழக்கமான ஓலையோடு வந்தான். பலகை அவனையும் திருப்பிவிட்டது. எல்லாம் நலமே என்று மதில்மேலிருந்து யாம் கூவினோம். முத்திரையில்லாச் சொல்லைத் துரோகிகளும் கூவலாம் என்று தாங்கள் அவனுக்குக் கற்பித்திருந்தீர்கள். அது சரியான பாடமே. முதற்பலகையில் வயிரமேகனார் பெயரையும் கண்டு அவன் விரைந்து போனான். எல்லை அரைநாள் குதிரை வழியே ஆதலால், மறுநாளே வந்தது தங்கள் ஓலை. அதையும் பலகை திருப்பிவிட்டதால், கொண்டுவந்தவன், இன்னார் என்று அறியாமல், வெளியில் நின்ற வயிரமேகனார் கையிலேயே கொடுத்துவிட்டான். கோட்டையைக் கைப்பற்றிய வயிரமேகனின் தலையையும் வாயிற்கதவையும் ஒருசேர உடைப்பதற்காக யானைப்படையோடு வருவதாகத் தாங்கள் அதில் எழுதியிருந்தீர்கள்.

அதுவரை அவர் குளக்கரைப் புன்னையின் அடியில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வழிப்போக்கர் கேட்டால் காற்று வாங்குவதாகச் சொன்னார். அவர் நேரே வந்து தங்களிடம் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்பீர்கள். சொன்னால் நம்புவீர்களா என்பது ஒருபுறம். நம்பிவிடுவீர்களோ என்ற அச்சம்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது. மணமாகிய நாள்முதல் தாங்கள் அவரை ஒருமுறையேனும் மருமகன் என்று அழைத்ததில்லை. என் மகளின் கணவர், பலகை மாட்டுபவர் என்றே சொல்லி வருகிறீர்கள். கையில் இருப்பது அந்தப் பதவி ஒன்றுதான், அதுவும் இப்படிப் போவதை மாமனாரின் காதில் தாமே போய்ப் போடுவதா என்று அவர் மருகினார். எமக்கு அவர்மேல் கோபம் இருந்தது. இதைக் கேட்டபின் குறைந்துவிட்டது.

வழி ஒன்று இல்லாமல் இல்லை. அதற்குக் குடைமடக்கு என்று பெயர். மன்னர் அரியணையிலிருந்து இறங்குவார், முரசு ஓயும், வெண்குடை மடங்கும். குடை மடங்கியிருக்கும் அந்தச் சிறுபொழுதில் மன்னர் இல்லை, அமைச்சர் இல்லை, காவலர் இல்லை, எந்த விதியும் இல்லை. எல்லாச் சாவிகளும் முளைக்குத் திரும்பும். எல்லாப் பலகைகளும் இறக்கப்பட்டுக் கல்வெட்டில் உள்ள வரிசைப்படி மறுபடி மாட்டப்படும். பிறகு குடை விரியும். ஆட்சி புதிதாகத் தொடங்கும். ஆனால் மன்னர் தாமாக இதைச் செய்யலாகாது. பதவியில் உள்ள ஒருவர், மதிலுக்கு வெளியே நின்று, அதன் மேற்கே உள்ள விண்ணப்பத் துளை வழியாக, காரணத்தை எழுதிக் கேட்க வேண்டும். கேட்டவர்க்குப் பதவி திரும்பக் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. இதுவரை கேட்ட ஒருவர்க்கும் கிடைத்ததில்லை.

வயிரமேகனார் தங்கள் ஓலையை எடுத்துக்கொண்டு மதிலடிக்கு வந்து, மேலே நின்ற கொற்றிநங்கையார்க்கு வாசித்துக் காட்டினார். நங்கையார் மதிலிலிருந்து குனிந்து சொன்னது இது என்று அருகில் நின்ற காவலர் தெரிவித்தார்கள்.

"அத்தான், அப்பா வந்து கதவை உடைத்தால் ஊர் அழும். நீங்கள் வாய் திறந்தால் ஊர் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும்."

அவர் துண்டைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு விண்ணப்பத் துளைக்குப் போனார். அங்கே வரிசை இருந்தது. அவருக்கு முன்னே, பக்கத்து வீட்டு ஆடு தம் வேலியை மேய்ந்ததை முறையிட ஒருவர் நின்றார். அந்த ஆட்டின் தாயைப் பற்றியும் அவருக்கு முறையீடு இருந்தது. என்ன காரியமாக வந்தீர் என்று அவர் கேட்க, வயிரமேகனார் எல்லாவற்றையும் சொன்னார். வரிசை முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்தபின் ஆட்டுக்காரர் மனமிரங்கித் தம் இடத்தைக் கொடுக்க முன்வந்தார். வரிசை மாறினால் விதி கெடும் என்று சொல்லி வயிரமேகனார் மறுத்துவிட்டார். தலைக்குமேல் வெள்ளம் போகும்போதும் மனிதர் மாறவில்லை. கடைசியில் அவர் முறை வந்தபோது, 'அழகு பார்ப்பதற்காகக் கடைசிப் பலகையை முதலில் மாட்டியவன் நான். குடை மடக்குக' என்று எழுதித் துளைக்குள் இட்டார்.

மன்னர் ஓலையை முழுதும் வாசிப்பதற்குள்ளாகவே அரியணையிலிருந்து இறங்கிவிட்டார். குடை மடங்கியது. சாவிகள் முளையேறின, இருவரும் நின்ற இடத்திலேயே படுத்து உறங்கினர். பலகைகளை இறக்கி மாட்ட எந்தக் கையும் போதும் என்ற நிலை ஆகிவிட்டதால் யாமும் ஒன்றைச் சுமந்தோம். தோள் இன்னும் வலிக்கிறது. குடை விரிந்ததும் புதிய ஆட்சியின் முதல் ஆணை 'சோறு' என்பதாக இருந்தது. அதைக் கல்வெட்டில் பொறிக்க வேண்டாம் என்று மன்னர் கேட்டுக்கொண்டார்.

உண்டு முடித்த பின், குடை மடங்கியிருந்தபோதே உள்ளே வந்துவிட்ட வயிரமேகனாரை மன்னர் அழைத்தார். அவர் பதவியற்றவராக, கைகட்டி, கடைசியில் நின்றார். விதி செய்தவனையே விதி தடுத்தது என்றால் அந்த விதியில் ஓட்டை இல்லை என்று பொருள். தடுக்கப்பட்டவன் ஒளிந்தும் கிடக்காமல், வளைந்தும் நுழையாமல், தன் பிழையைத் தானே எழுதித் தன் பதவியைத் தானே துறந்தான் என்றால் அவனிடமும் ஓட்டை இல்லை. பலகை பார்த்து மயங்கும் கண் ஒன்றுதான் குறை, அதற்கு மருந்து உண்டு என்று மன்னர் மொழிந்தார். வாயில் நாயகம் வயிரமேகனாரே என்று இரண்டாம் ஆணை பிறந்தது. மருந்து யாதெனில், இனிமேல் அவர் பலகையைத் தொடுமுன் கோடனை உள்ளே நிறுத்தி, யான் திரும்பாவிடில் பழைய வரிசைக்கே மாற்றுக என்று சொல்லிவிட்டே தொட வேண்டும். அவர் அழுதார். ஆண்மகன் அழலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இனித் தங்களுக்கு உரிய ஆணை. குடை மடங்கியபோது நாட்டின் எல்லாப் பதவிகளும் ஓய்ந்தன. தங்கள் பெரும்படை நாயகமும் அவற்றுள் ஒன்று. இவ்வோலையை வாசிக்கும் இந்த வேளையில் தாங்கள் படைத்தலைவர் அல்லர்; தங்கள் பின்னே நிற்பது படையும் அன்று. யானைகள் மட்டும் யானைகளாகவே இருக்கின்றன. தங்கள் பதவியை மீண்டும் அளிக்க மன்னர் திருவுளம் கொண்டுள்ளார். அதனை நேரில் வந்து பெற வேண்டும். யானைகளை ஆற்றங்கரையில் விட்டு, வேலின்றி, நடந்து வருக. வாயிலில் வரிசை இருந்தால் வரிசையில் நிற்க.

தங்கள் முகம் நாடறிந்த முகம். ஆயினும் அங்கே முகம் பார்ப்பதில்லை. பலகைகள் மேலிருந்து வாசிக்கப்படும். பதவியுடையோர்க்கான பலகை தங்களுக்குப் பொருந்தாது. வணிகர்க்கானதும் பொருந்தாது. அனைத்தையும் யாமே நின்று சரிபார்த்தோம். தங்களுக்குப் பொருந்துவது ஒன்றே. 'உள்ளே பதவியில் உள்ளவர்க்கு உறவினர் எனில், அவர் பெயரையும் உறவின் முறையையும் தம் வாயால் சொல்லி நுழைக' என்பது அது. மகளின் தந்தை என்று சொல்லிவிட்டால் போதாதோ என்று தங்களுக்குத் தோன்றக்கூடும். நங்கையார்க்குப் பதவி ஏதும் இல்லை. வேண்டுமானால் ஒன்று தரலாமே என்று மன்னர் கேட்டார். இன்று வேண்டாம், நாளை மறுநாள் தாருங்கள் என்று நங்கையார் சொல்லிவிட்டார்.

இது பெருநற்கோ மன்னர் ஆணை. இதற்கு மறு ஆணை இல்லை. வேறு வழியும் இல்லை, வேறு வாயிலும் இல்லை. நீரும் நெல்லும் உள்ளளவும் இவ்வாணை நிற்க. மன்னர் முத்திரை இட்டது. அமைச்சன் கைச்சாத்து இட்டது.

முத்திரைக்குக் கீழே ஒரு வரி. உறவு முறையை உரக்கச் சொல்ல வேண்டும் என்று பலகையில் இல்லை. வரிசையின் கடைசி ஆளுக்கும் கேட்கும்படி அப்பா சொல்ல வேண்டும் என்பது கொற்றிநங்கையாரின் வேண்டுகோள்; மன்னர் அதற்கும் இசைந்தார்.