உள்ளங்கை தெரியாத தண்ணீர்

இன்று காலை பக்கத்து மனைக்காரர் தன் மீன் குட்டையில் சாணியைக் கரைத்துக்கொண்டிருந்தார். அந்த வாடை வந்ததும் நீதான் என்று நினைத்துத் திரும்பிவிட்டேன். நீ போய் ஆறு வருடமாகிறது.

தொண்ணூறுகளின் கடைசியில் என் சாயப்பட்டறைக்குப் பின்னால் குட்டை வெட்டி, நீயும் உன் மச்சானும் கெண்டைக் குஞ்சு விட்டீர்கள். நீ சாணி கரைப்பாய். அவன் புண்ணாக்கு போடுவான். பாசி பிடித்ததா என்று பார்க்கக் கையை முழங்கை வரை தண்ணீரில் விடுவாய். உள்ளங்கை கண்ணுக்குத் தெரியாவிட்டால் பாசி போதும் என்பது உன் கணக்கு. "நாம மீன் வளக்கலடா, வெயில வளக்கறோம். வெயில பாசி தின்னுது, பாசிய பூச்சி தின்னுது, பூச்சிய மீன் தின்னுது" என்பாய். ஒவ்வொரு வாய் மாறும்போதும் பெரும்பகுதி தின்றதன் உடம்புக்கே செலவாகிவிடும், மிச்சம்தான் அடுத்த வாய்க்கு என்றும் சொல்வாய்.

"பெரும்பகுதி காணாம போவுதுன்னா, எவனோ அடிச்சிக்கினு போறான்பா" என்றேன். என் புத்தி அப்படி. கோயில் பிரசாதத்தைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் வாயில் போடுவேன் என்று கேலி செய்வாய்.

இரண்டாம் வருடம் மீன் தேறவில்லை. வலையில் வந்தவை தலை பெருத்து, உடம்பு ஒட்டிக் கிடந்தன. கையை விட்டுப் பார்த்தாய், உள்ளங்கை தெரியவில்லை. பாசி இருக்கிறதே, பிறகு ஏன் என்று குழம்பினாய். "தண்ணில குத்தமில்ல. புண்ணாக்கு போடற கை யாருது?" என்று உன் காதில் ஓதியவன் நான். ஒரு வாரம் பொறுத்து, புண்ணாக்கை வெளியே விற்கிறாயா என்று அவனையே கேட்டுவிட்டாய்.

"என்னையா கேக்கற மாமா?" என்றான். அன்றே பையை எடுத்துக்கொண்டு தன் ஊர் திருப்புட்குழிக்குப் போனவன், அப்புறம் எந்தப் பண்டிகைக்கும் உன் வீட்டுப்படி ஏறவில்லை.

அடுத்து வந்த மழையில் என் பட்டறைக் கழிவுக் குழியைப் பார்க்கப் போனேன். கரையின் அடியில் ஓட்டை. அரக்கும் பச்சையும் கலந்து பாசி போலவே கரும்பச்சையான சாயத் தண்ணீர் உன் குட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. உன் உள்ளங்கையை மறைத்தது பாசி அல்ல, என் சாயம். அதைத் தாண்டி வெயில் உள்ளே போகவில்லை. வெயில் இல்லாமல் பாசி இல்லை, பாசி இல்லாமல் பூச்சி இல்லை, அவன் போட்ட புண்ணாக்கு மட்டும் போதாமல் மீன் பட்டினி கிடந்திருக்கிறது. ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட நான், என் குழியை மட்டும் பார்க்கவே இல்லை.

சிமெண்டு போட்டு அடைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை.

மறுவருடம் மீன் கொழுத்தது. "நீ சொன்னது சரிதான்டா, அவன் போனதும் தேறிடுச்சு பாரு" என்று முதல் மீனை எனக்குக் கொண்டுவந்தாய். வெட்கமில்லாமல் வாங்கிக் குழம்பு வைத்துத் தின்றேன். எல்லாம் தெரிந்துதான் கொடுத்தாயோ என்று இப்போது உன் மேலேயே சந்தேகம் வருகிறது.

உன் சாவுக்கு அவன் வந்தான். வாசலோடு நின்றான். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை.

இதை உனக்கு எழுதி என்ன ஆகப்போகிறது? இதைக் கேட்க வேண்டியவன் திருப்புட்குழியில் இருக்கிறான். இரண்டு முறை பஸ் ஏறினேன். இரண்டு முறையும் பாதி வழியில் இறங்கிவிட்டேன்.