உன் பெயருக்கு நேரே நான் எழுதியது

சிதம்பரம்,
18.8.2025

அன்புள்ள மச்சான் எழிலனுக்கு,

தங்கராசு எழுதுகிறேன். உன் மூச்சிரைப்பு இப்போது எப்படி இருக்கிறது? கோயம்புத்தூர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று உன் மனைவி பொன்னி சொன்னாளாம். இங்கே உன் அக்கா வெண்மதிக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. பதினேழு நாளாக என்னிடம் பேசுவதில்லை, அவ்வளவுதான். சாப்பாடு மட்டும் எடுத்து வைக்கிறாள். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்று மூன்று முறை எடுத்து, மூன்று முறையும் வைத்துவிட்டேன்.

நுரையீரல் பாதிப்புக்கு நஷ்டஈடு கேட்டு நீ போட்ட வழக்கில் நம் கம்பெனி தாக்கல் செய்த உடல்நலப் பதிவேட்டின் நகலைப் போன மாதக் கடைசியில் அக்காவுக்கு அனுப்பியிருந்தாய். "அக்கா, இந்த நோட்டு மழைத் தண்ணியில ஊறிப் போச்சின்னு மாமா சொன்னாரே, இப்ப எப்படி வந்துச்சு? அவரு கிட்ட காட்டு. யாரு எழுதினதுன்னு அவருக்குத் தெரியும்" என்று கூடவே பேசி அனுப்பியிருந்தாய்.

தெரியும், எழிலா. எழுதியவன் நான்தான்.

அக்கா என்னைக் கேட்கவே இல்லை. போனை என் முன்னால் வைத்து, உன் பெயரில் இருந்த 'ழி'யைத் தொட்டுக் காட்டினாள். அந்தச் சுழியை அவள் இருபத்தாறு வருடமாகப் பார்க்கிறாள். "இவனை வேலைக்குச் சேத்து உட்டதும் நீங்கதான், இதை எழுதினதும் நீங்கதானா?" என்றாள்.

நடந்ததைச் சொல்கிறேன். போன டிசம்பர் புயல் மழையில் கம்பெனிக்குள் கணுக்கால் அளவுதான் தண்ணீர் வந்தது. பதிவேடுகள் பீரோவின் மேல் தட்டில் காய்ந்துதான் இருந்தன. ஜனவரியில் உன் மனுவின் நோட்டீஸ் வந்தது. மேனேஜர் கதவைச் சாத்திவிட்டு, "தங்கராசு, பழைய நோட்டு தண்ணியில போயிடுச்சு. காப்பாத்தின தாளைப் பாத்து எழுதின மாதிரி, எல்லாரும் நலம்னு புதுசா ஒண்ணு எழுதிடுங்க. உங்க சர்வீஸ் இன்னும் ரெண்டு வருஷந்தானே" என்றார். பழைய நோட்டு அவர் மேசையில் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது.

அதில் 2017, 2018 இரண்டு வருடமும் உன் பெயருக்கு நேரே டாக்டர், 'நுரையீரல் திறன் குறைந்துள்ளது, சாயப் பிரிவிலிருந்து மாற்றவும்' என்று எழுதியிருந்தார். உன்னைப்போல இன்னும் ஐந்து பேர். போன வருடம் இறந்துபோன கொளஞ்சி அண்ணனும் அதில் ஒருவர். நான்கு மதியம் உட்கார்ந்து எழுதினேன். ஆறு பேருக்கும் எல்லா வருடமும் 'நலம்'. டாக்டர் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் மேனேஜர் முத்திரை குத்தினார். பழைய நோட்டைப் பாய்லரில் போட்டதும் என் கைதான்.

தெரியாமல் செய்தேன் என்று சொல்லவும் வழியில்லை. ரசாயனத்தில் வேலை செய்கிறவர்களின் உடல்நலப் பதிவேட்டைக் கம்பெனி பத்திரமாக வைத்திருக்க வேண்டும், தொழிலாளி கேட்டால் காட்ட வேண்டும், வழக்கு என்று வந்துவிட்டால் ஒரு தாளையும் அழிக்கக் கூடாது. கடலூரில் நடந்த பயிற்சியில் முன் வரிசையில் உட்கார்ந்து இதையெல்லாம் குறித்துக்கொண்டவன் நான். திரும்பி வந்து மற்றவர்களுக்கு வகுப்பும் எடுத்தேன்.

அதன் பிறகுதான் தைப்பூசத்துக்கு வடலூர் போனோம். ஜோதி பார்க்க வரிசையில் நின்றபோது நாலு அடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினாய். அப்படியே, "மாமா, டாக்டர் பாத்த நோட்டு ஆபீஸ்ல இருக்குதா?" என்று கேட்டாய். மழையில் போய்விட்டது என்றேன். "போனா போவுது உடுங்க, நீங்க இருக்கீங்கல்ல" என்றாய். உள்ளே திரை விலகியபோது நான் தலையைக் குனிந்துகொண்டேன். நீ சாமி கும்பிடுவதாக நினைத்திருப்பாய்.

அக்கா போனைக் காட்டிய பிறகு நான்கைந்து நாள் வீட்டுக்கும் ஆபீசுக்குமாக நடந்தேன். இந்த மாதம் ஆறாம் தேதி கடலூர் போய், தொழிற்சாலை ஆய்வாளரிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். மறுநாளே கம்பெனி சஸ்பெண்ட் செய்துவிட்டது. அது இருக்கட்டும். ஆய்வாளர், "நீங்க சொல்றதுக்கு ஆதாரம் என்ன இருக்கு?" என்றார். ஆதாரத்தை எரித்தவனிடம் அந்தக் கேள்வி.

அப்போதுதான் உங்களுக்கெல்லாம் ஊதிப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்த பரிசோதனை நிலையம் நினைவுக்கு வந்தது. திருப்பாதிரிப்புலியூரில் இன்னும் இருக்கிறது. அங்கே பதிவுகளைப் பார்த்துக்கொள்ளும் காயத்ரி என்ற பெண்ணிடம் உன் பெயரையும் வருடத்தையும் சொன்னேன். பத்து நிமிடத்தில் வந்து, "ரெண்டு வருஷ ரிப்போர்ட்டும் இருக்குது சார். ஆனா உங்க கையில தர முடியாது. அவுரு கையெழுத்து போட்டுக் கேட்டா அவுருக்குத்தான் தருவோம்" என்றது. நான் செய்த அதே பதிவேட்டு வேலையை அந்தப் பெண் செய்கிற விதத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். பஸ் ஸ்டாண்டு வரை நிமிர முடியவில்லை.

விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். பென்சிலால் குறித்திருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட்டு, ஆதார் நகலோடு நேரே அவர்களுக்கே அனுப்பு. எனக்கு வேண்டாம். செப்டம்பர் விசாரணைக்குள் வந்துவிடும். மற்ற ஐந்து பேர் வீட்டுக்கும் நானே போய்க்கொண்டிருக்கிறேன். கொளஞ்சி அண்ணன் வீட்டில் அவர் மனைவி தண்ணீர் கொடுத்துவிட்டு, நான் சொல்லி முடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டார். பிறகு உள்ளே போனவர் வெளியே வரவில்லை.

உன் அக்காவோடு பேசு. நீ நகலை அனுப்பும்வரை அவளுக்கு இதில் எதுவும் தெரியாது. "அவன் என்னைக் கேக்கறதுக்குள்ள நீங்களே எழுதிடுங்க" என்று ஒருமுறை சுவரைப் பார்த்துச் சொன்னாள். இந்தப் பதினேழு நாளில் பேசியது அவ்வளவுதான்.

மன்னிப்புக் கேட்கவில்லை. உன் உடம்பு தேறட்டும், பிள்ளைகளோடு நீ நெடுநாள் இருக்க வேண்டும். இந்த வார்த்தையையாவது என்னிடமிருந்து எடுத்துக்கொள். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் தேதி போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். கோபத்தில் இதைக் கிழித்துப் போட்டுவிடாதே, எழிலா. உன் வக்கீலிடம் கொடு.

இப்படிக்கு,
சு. தங்கராசு